க்ரூனாவுக்குப் போகும் முன்

மார்ச் 9, 2025

தேர்வாகிவிட்டேன். செப்டம்பர் முதல் ஒரு வருடம் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில், க்ரூனாவ் என்ற பகுதியில் உள்ள இளைஞர் மையத்தில் தன்னார்வலர். திட்டத்தின் பெயர் வெல்ட்வெர்ட்ஸ். ஜெர்மன் அரசு 2008-ல் தொடங்கியபோது அங்கிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பக்கம் போகும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது இருந்தது. நம் பக்கத்திலிருந்து அங்கே போகும் வழி 2013-ல்தான் திறந்தது. வயது 18 முதல் 28 வரை. டிக்கெட், தங்குமிடம், இன்சூரன்ஸ், கைச்செலவுப் பணம் எல்லாம் உண்டு, சம்பளம் கிடையாது.

"சம்பளமில்லாம ஒரு வருஷம், அவ்வளவு தூரத்துல, எதுக்குடி?" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். "2031 வரைக்கும் இருக்கு" என்றார். சம்மதம்தான்.

மார்ச் 23

மாமா வீட்டுக்கு வந்திருந்தார். "அங்க யாரு கஷ்டப்படுறாங்கன்னு நீ போய் சேவை செய்யப்போற?" இதே கேள்வியைத் திண்டுக்கல்லில் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது பக்கத்து ஊர் விடுதிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள், சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர்கள் வருவது இயல்பு, நாம் போவது மட்டும் விசித்திரம் என்பதை நான் ஏற்கத் தயாரில்லை. கொடுக்க நம்மிடமும் இருக்கிறது.

கொரோனா ஊரடங்குக்குப் பின் 2021-ல், தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தை அரசு ஆரம்பித்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்ந்தேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, எங்கள் வீட்டுத் திண்ணையில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தைத் திறந்தாலே தலையைக் குனிந்துகொள்வான், ஒரு எழுத்துகூட வாயில் வராது. ஒருநாள் ரேஷன் கடைப் பலகையில் சாக்பீஸால் 'பாமாயில் இல்லை' என்று எழுதியிருந்ததை அவனாகவே எழுத்துக்கூட்டிப் படித்தான், படித்துவிட்டுத் தன் அம்மாவிடம் சொல்ல ஓடினான். அப்புறம் நாங்கள் தெருவில் இருக்கும் பலகைகளையே பாடமாக வைத்துக்கொண்டோம். பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்க எனக்கு வரும். க்ரூனாவிலும் அதற்கு வேலை இருக்கும்.

ஏப்ரல் 12

ஜெர்மன் வகுப்பில் என்னைத் தவிர முக்கால்வாசிப் பேர் நர்சுகள், ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய வேகத்துக்கு ஈடுகொடுப்பது கஷ்டம், ஆனால் நல்ல துணை. இடைவேளையில் டீக்கடையிலும் ஜெர்மனிலேயே கணக்குச் சொல்லிப் பழகுகிறோம். 21-ஐ 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும், இதில்தான் நாக்கு சிக்குகிறது.

மே 6

காவல்துறைச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவை தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தாயிற்று. அதைவிடப் பெரிய வேலை தட்டம்மை. பள்ளி, காப்பகம் போல் பிள்ளைகளைக் கவனிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள், 1970-க்குப் பிறகு பிறந்திருந்தால், தட்டம்மைப் பாதுகாப்பு இருப்பதைக் காட்டியே ஆக வேண்டும், 2020 மார்ச் முதல் அங்கே சட்டம். ஊசி என்றால் இரண்டு முறை போட்டிருக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிப் பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள், அப்போது அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். விரலில் மை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த அட்டையை டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டு நகலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார்! இன்று இன்னொரு ஊசி போட்டு, டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 15

க்ரூனாவைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். கிழக்கு ஜெர்மனி காலத்தில், 1976-ல் அடிக்கல் நாட்டிக் கட்டிய பெரிய குடியிருப்பு. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கி எழுப்பிய வீடுகள். எண்பதுகளின் கடைசியில் 80,000 பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். 1990-ல் நாடு ஒன்றானது, வேலை போனது, ஜனம் பாதியாகக் கரைந்தது, ஆளில்லாத கட்டடங்கள் சிலவற்றை இடித்தே விட்டார்கள். இப்போது சிரியா போன்ற நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. மையத்துக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு ஜெர்மன் இரண்டாவது மொழி, சிலருக்கு மூன்றாவது. மாமாவுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: பணக்கார நாட்டிலும் வீட்டுப்பாடத்துக்கு உட்கார ஆள் இல்லாத பிள்ளை இருக்கிறது.

ஜூலை 20

விசாவுக்கு ஆவணம் கொடுத்தாயிற்று. போய்வந்தவர்களோடு ஆன்லைனில் பேச்சு. ஒரு வருடத்துக்கு 25 நாள் கருத்தரங்கு கட்டாயமாம், அது எனக்குப் பிடித்திருக்கிறது, தனியாக விட்டுவிட மாட்டார்கள். இன்னொன்று: பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் போட்டோ எடுத்துப் போடக் கூடாது. எங்கள் ஊருக்கு வந்தவர்கள் ஒரு தடவையாவது கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். நான் கேட்பேன்.

ஆகஸ்ட் 24

விசா வந்துவிட்டது. சாயங்கால வகுப்பைப் பக்கத்துத் தெருவில் பி.எட். படிக்கும் பெண்ணிடம் ஒப்படைத்தேன். எந்தப் பிள்ளைக்கு எது வராது என்று தனி நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெட்டியில் அம்மா வைத்த நெய்யை எடுக்க வேண்டியதாயிற்று, பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த இடத்தில் இன்னொரு பொட்டலம் இட்லிப் பொடி ஏறியது. அப்பத்தா தன்னுடைய பல்லாங்குழியைக் கொடுத்திருக்கிறார். விதைக்குக் கெடுபிடி என்பதால் புளியங்கொட்டைக்குப் பதில் சோழி. முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று மையத்துக்கு மெயில் போட்டேன், புதன்கிழமை மதியம் ஒதுக்கிவிட்டார்கள். ஆட்ட விதிகளை ஜெர்மனில் எழுதி வகுப்பு நர்சு அக்காவுக்கு அனுப்பினேன், இரவுப் பணி முடிந்ததும் திருத்தி அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.