திருப்பிக் கட்டிய பயணப்படி

சில வருடங்களுக்கு முன்னர், திருகோணமலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், எனக்கும் பக்கத்து மேசையில் இருந்த சிங்கள அக்கா ஒருவருக்கும் ஒரு மாதப் பயணப்படி தவறுதலாக இரண்டு தடவை வரவு வைக்கப்பட்டது. தலைக்கு 4,500 ரூபாய். மறுநாளே இருவரும் அதைத் திருப்பிக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினோம். கணக்காய்வுக்கு வருபவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தைத் தவிர எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. அந்த வாரம் பௌத்தர்களின் முழுநிலா நாளான போயா வந்தது. வெள்ளை உடுத்து விகாரைக்குப் போய்ச் சில் எடுப்பது, அதாவது சீலம் என்னும் ஒழுக்க நெறிகளை அன்றைக்கு ஏற்பது, அக்காவின் வழக்கம். ஆகவே புண்ணியக் கணக்கில் குறை விழாமல் பார்த்துக்கொள்கிறார் என்று ஊகித்து, மனதுக்குள் சற்று ஏளனமும் செய்துகொண்டேன்.

அந்த ஏளனம் பள்ளிக்கூடத் தமிழில் இருந்து வந்தது. இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கொடுக்கும் ‘அறவிலை வணிகன்’ அல்லன் வள்ளல் ஆய் என்று முடமோசியார் புறநானூற்றில் பாடியதைப் படித்து வளர்ந்தவனுக்கு, பலனை எதிர்பார்த்துச் செய்யும் அறம் எல்லாம் வியாபாரமாகவே தெரியும். போதாக்குறைக்கு, எங்கள் ஊரில் புத்தர் சிலை என்றதும் ஒரு தமிழனின் மனதில் முதலில் எழுவது அரசியல். அதைத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சமயம் ஒழுக்கத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கே எனக்கு வெகுகாலம் எடுத்தது.

ஒருநாள் தேநீர் நேரத்தில் அக்காவிடம் நேரடியாகவே கேட்டேன். “அந்தக் காசைக் கையில வச்சுக்கொண்டு கண்ணை மூடி இருந்தா, தம்பி, அந்தக் காசுதான் வந்து முன்னால நிக்கும்” என்றார். மறுபிறவியைப் பற்றியோ புண்ணியத்தைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

அவர் சொன்னது, புத்தரின் உரைகளை எண்வரிசையில் தொகுத்த அங்குத்தர நிகாயத்தில் பத்தின் தொகுதியில் முதற் சூத்திரமாகவே இருக்கிறது என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. நல்லொழுக்கத்தின் பயன் யாது என்று ஆனந்தர் கேட்கிறார். செய்ததை எண்ணிப் பின்னர் வருந்தும் பின்னிரக்கம் இல்லாமையே பயன் என்று புத்தர் விடை சொல்லி, அதிலிருந்து மகிழ்ச்சியும், மகிழ்ச்சியிலிருந்து உவகையும், பின்பு உடலமைதியும் இன்பமும், அவற்றின்மேல் மன ஒருமைப்பாடும், அதன்மேல் உள்ளதை உள்ளபடி காணும் அறிவும் பிறந்து முடிவில் விடுதலை வரைக்கும் செல்வதை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். சீலம் இங்கே யாரோ இட்ட கட்டளைக்குப் பணிதல் அன்று. சில் எடுக்கும்போது சொல்லும் பாளி வாசகமும், கொல்லாதே, திருடாதே என்று ஏவுவதில்லை. விலகியிருத்தல் என்னும் பயிற்சியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றே அமைகிறது.

எனினும் என்னை உண்மையில் தடுமாற வைத்தது அதே நிகாயத்தின் நான்கின் தொகுதியில் உள்ள ஒரு சிறு பகுதி. தீயதை விடச் செய்யும் அச்சங்கள் நான்கு என்று அது கூறுகிறது: தன் மனமே தன்னைப் பழிக்கும் என்ற அச்சம், பிறர் பழிப்பார்கள் என்ற அச்சம், தண்டனை அச்சம், தீய பிறப்பில் விழுவோம் என்ற அச்சம். அரசன் கள்வனைப் பிடித்து வதைப்பதைக் கண்டு, தனக்கும் அது நேரும் என்று பயந்து தீமையை விடுபவனையும், தன்னைத் தூய்மையாகப் பேணுகிறவன் என்றே அது சொல்கிறது. அப்படியானால் என் கணக்காய்வுப் பயத்துக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. அக்காவுக்கு நான்காவதை ஒட்டினேன். அவரிடம் இருந்ததோ முதலாவது. மூன்றாவதில் நின்றுகொண்டு முதலாவதில் நின்றவரை நான் ஏளனம் செய்திருக்கிறேன்!

நாணத்தையும் பழியச்சத்தையும் பௌத்தர்கள் ஹிரி, ஒத்தப்ப என்று இணைத்துச் சொல்வார்கள். உலகைக் காக்கும் இரு தருமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். உரை நூல்கள் தரும் உவமை கொஞ்சம் முகம் சுளிக்க வைப்பது: இரண்டு இரும்புக் குண்டுகள், ஒன்று மலம் பூசியது, மற்றது பழுக்கக் காய்ந்தது. ஒன்றை அருவருப்பினால் தொட மாட்டோம், மற்றதைச் சூட்டுக்குப் பயந்து தொட மாட்டோம். ‘பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்’ என்று குறள் பேசும் இடம் இதற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

இதனால் எல்லா நோக்கமும் ஒன்றே என்று ஆகிவிடாது. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய பௌத்த நூலான விசுத்திமக்கம், புகழுக்காக ஏற்கும் சீலத்தைக் கடையிலும், புண்ணியப் பலனுக்காக ஏற்பதை இடையிலும், செய்யத் தக்கது இது என்பதற்காகவே மேலோர் நிலையை நாடி ஏற்பதைத் தலையிலும் வைக்கிறது. வள்ளல் ஆய் கொடுப்பதற்கு முடமோசியார் சொல்லும் காரணமும், சான்றோர் சென்ற நெறி என்பதுதான். இருவரும் உச்சத்தில் ஒன்றுபடுகிறார்கள்; ஆனால் புலவர் வணிகனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார், புத்தகோசர் அவனுக்கும் ஒரு படி விட்டுவைக்கிறார். எனக்கு இப்போது இரண்டாமவர் பக்கமே மனம் சாய்கிறது.

திருகோணமலைப் பெரியகுளத்துக்கு அருகே, எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்றழைத்த வெல்கம் விகாரைக்குப் போனபோதும் இதையே நினைத்தேன். சோழர் காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி என்ற பௌத்தப் பள்ளி. அணையா விளக்குக்காகத் தமிழ்ப் பௌத்தர்கள் கொடுத்த கொடைகளை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கொடுத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. புகழுக்காகவா, புண்ணியத்துக்காகவா என்று எனக்குள் இருக்கும் பழைய ஏளனக்காரன் கேட்டான். எதற்காகவென்றாலும் விளக்கு எரிந்திருக்கும். ஆனால் செயல் என்பது சேதனையே, அதாவது எண்ணமே, என்று சொல்லும் சமயத்தின் பள்ளியில் நின்றுகொண்டு அந்தப் பதிலோடு ஆறுதல் அடைய என்னால் முடியவில்லை.

போன மாதம் சந்தையில் மீன்காரர் மிச்சக்காசில் 500 ரூபாய் கூடுதலாகத் தந்துவிட்டதை வீட்டுக்கு வந்துதான் கண்டேன். அங்கே கணக்காய்வு கிடையாது, அவருக்கும் தெரிந்திருக்காது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அதற்கென்று தனியாகப் போகவில்லை. மூன்று நாள் கழித்து, மீன் வாங்கப் போனபோதுதான்.