டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் ஆயில் மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை ஹூண்டாய் கிரெட்டா, 1.6 பெட்ரோல், 6 கியர் ஆட்டோமேட்டிக். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) இருக்கும், கியர்பாக்ஸுக்குக் கிடையாது. "லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்" என்று சொல்பவர்கள் நிறைய. யாருடைய லைஃப் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வெயிலில் சிக்னலுக்கு சிக்னல் ஊரும் வண்டியைக் கடும் பயன்பாட்டுக் கணக்கில்தான் வைக்க வேண்டும். அதனால் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் லிஃப்டும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரும் உண்டு. இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டும். ஆயில் எஸ்பி-4 வகை. பழைய எஸ்பி-3 இதற்கு ஆகாது, டப்பாவில் பார்த்து வாங்குங்கள். வண்டியை முந்தின நாள் இரவே விட்டுவிட்டு வரச் சொன்னார். காரணம் பின்னால் புரிந்தது.

காலையில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, அடியில் ஒளிந்திருந்த ஊற்றும் போல்ட்டை முதலில் இளக்கினார். "கீழே வடிச்சிட்டு மேலே போல்ட் வரலன்னா என்ன பண்ணுவீங்க தம்பி?" சரிதானே. அப்புறம்தான் ஆயிலை வடிக்கும் டிரைன் போல்ட். வந்த ஆயிலில் சிவப்பே இல்லை, பழுப்பாக, டிகாக்ஷன் மாதிரி இருந்தது. நல்லவேளை, தீய்ந்த வாடை இல்லை.

வடிந்ததை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தோம், மூன்றரை லிட்டர் சொச்சம். மொத்தக் கொள்ளளவு ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மீதி, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும் உள் வழிகளிலும் தங்கிவிடுகிறது. ஃபில்டரும் உள்ளே இருக்கிறது, கியர்பாக்ஸைப் பிரிக்காமல் கைக்கு வராது. டிரைன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, வடிந்த அளவு புது ஆயிலோடு 700 மில்லி கூடுதலாகவும் ஊற்றினார். அதிகமாக ஊற்றிவிட்டு, மிச்சத்தை வழியவிட்டு அளவைப் பிடிப்பதுதான் முறை.

இனிதான் நிஜமான வேலை. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று லீவரை மெதுவாக நகர்த்தி, மறுபடி பி-க்குக் கொண்டு வந்தேன். இரண்டு மூன்று சுற்று இப்படி. ஆயில் எல்லா வழிகளுக்கும் போய்ச் சேர வேண்டுமே. ஸ்கேனரில் ஆயில் சூடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்தான் அளவு பார்க்க வேண்டும். ஆயில் சூட்டில் விரியும். 80 டிகிரியில் லெவல் போல்ட்டை, அதாவது மிச்சம் வழிய அடியில் இருக்கும் போல்ட்டை, திறந்தால் தேவைக்கு மேல் வழிந்து, ஆறியபின் உள்ளே குறைந்திருக்கும். குளிர்ந்த ஆயிலில் பார்த்தால் நேர்மாறு, அளவு கூடிவிடும். ஓட்டி வந்த வண்டியை உடனே லிஃப்டில் ஏற்றினால் ஆறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரவே விடச் சொன்னது இதற்குத்தான்.

55-ஐத் தொட்டதும், எஞ்சின் ஓடும்போதே, சமமாகத் தூக்கியிருந்த வண்டியின் அடியில் லெவல் போல்ட்டைத் திறந்தார். முதலில் கொட்டென்று கொட்டியது, பிறகு மெல்லிய கம்பியாக இறங்கியது. "இதான் அளவு" என்று போல்ட்டை ஏற்றி முறுக்கினார். ஒன்றுமே வழியாவிட்டால் ஆயில் குறைவு என்று அர்த்தம், மேலே இன்னும் ஊற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும் சின்னத் தட்டல் குறைந்திருந்தது. என் ஆசையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். உள்ளே பாதி இன்னும் பழைய ஆயில்தான். மெஷின் வைத்துப் பழைய ஆயிலை மொத்தமாகத் தள்ளி வெளியேற்றும் ஃப்ளஷ் செய்யலாமா என்று கேட்டேன், அண்ணன் தலையாட்டி மறுத்துவிட்டார். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை வடித்து ஊற்றினால் முக்கால் பங்கு புதிதாகிவிடும். அதற்கான நாலு லிட்டரையும் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன்.