ஐந்தாவது நாளும் ஓடிய மருந்து

இன்று வார்டில் கேஸ் ஷீட்களைப் புரட்டினேன். ஒரு நோயாளிக்கு ஆபரேஷனுக்கு முன்னால் தொடங்கிய ஆன்டிபயாடிக் ஊசி ஐந்தாவது நாளும் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று எங்கும் எழுதவில்லை. வந்து இரண்டு நாளான கல்ச்சர் ரிப்போர்ட் (எந்தக் கிருமி இருக்கிறது என்று காட்டும் பரிசோதனை முடிவு) ஷீட்டுக்குப் பின்னால் மடித்தபடியே கிடந்தது.

மனசு கேட்கவில்லை. தேவையில்லாத ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிடும். அந்த இடத்தில் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற கெட்ட பாக்டீரியா பெருகினால் கடும் வயிற்றுப்போக்கு. அதன் வித்துகள் கட்டில் கம்பியில் மாதக்கணக்கில் கிடக்கும், கையில் தடவும் சானிடைசருக்கும் சாகாது (சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும்). பக்கத்துக் கட்டிலுக்குப் பரவ அது போதும்.

எந்த மருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். டாக்டரிடம் ஷீட்டைக் காட்டினேன். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, அங்கேயே கோடு போட்டு நிறுத்தினார்.