வாடகை வீட்டில் ஒரு தொங்கு படுக்கை

கட்டிலைக் கழற்றி வைத்துவிட்டு இப்போது ஹேமக்கில், அதாவது இரு முனையையும் கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையில்தான் தூங்குகிறேன். பகலில் சாய்ந்து படிப்பதற்கு இல்லை, ராத்திரி முழுத் தூக்கமே அதில்தான். "ஹவுஸ் ஓனர் ஒன்றும் சொல்லலையா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்ல ஒன்றுமில்லை. சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை, இரும்பு ஸ்டாண்டில் கட்டியிருக்கிறேன்.

ஸ்டாண்ட் கிட்டத்தட்ட 3 மீட்டர் நீளம். சின்ன அறையில் நேராகப் போட்டால் நடக்க இடமிருக்காது. அதனால் மூலைக்கு மூலை குறுக்காகப் போட்டிருக்கிறேன். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகள் வைத்தேன். டைல்ஸில் கீறல் விழாது, நடுராத்திரியில் திரும்பிப் படுத்தால் சத்தமும் வராது.

ஓனர் சம்மதித்தால் கொக்கி அடிக்கலாமா? கம்பி கட்டிய கான்கிரீட் தூணோ பீமோ இருந்தால், தெரிந்த ஆளை வைத்துத் தாராளமாக அடிக்கலாம். அனுமதியை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆனால் தனியாக நிற்கும் செங்கல் தூண், கைப்பிடிச் சுவர், ஜன்னல் கம்பி இவற்றின் பக்கமே போகாதீர்கள். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் செங்கல் தூண், பக்கவாட்டில் இழுத்தால் சாய்ந்துவிடும். ஹேமக் கட்டிய தூண் மேலே விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன.

கட்டும் விதத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். படுத்தால் முதுகு வளையுமே என்று பயந்து கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும், நன்றாகத் தொய்வாக விட வேண்டும். படுத்த பிறகு கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் விழும் இழுவிசை உங்கள் எடை அளவுதான். 70 கிலோ ஆளுக்கு 70 கிலோ. அதையே விறைப்பாக இழுத்து 10 டிகிரி ஆக்கினால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 கிலோ! அளக்கக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமாக நீட்டி, கட்டைவிரலை நேராக நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் சேர்க்கும் சாய்வுதான் கயிற்றுக்கும் வேண்டும்.

தினமும் அதே தொய்வு வர, ஹேமக்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடலாம். அதன் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. 3.3 மீட்டர் ஹேமக்குக்குச் சுமார் 2.7 மீட்டர். எனக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது.

அப்புறம், படுக்கும் விதம். நடுக்கோட்டில் நீளவாக்கில் படுத்தால் உடம்பு வில்லாக வளையும், முழங்கால் பின்னுக்கு மடிவதுபோல வலிக்கும். தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுங்கள். துணி விரிந்து கொடுக்கும், முதுகு கிட்டத்தட்டச் சமமாகிவிடும். முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை இருந்தால் சுகம். இரு முனையிலும் கட்டை வைத்து விரித்த ஹேமக் பார்க்க அழகுதான். ஆனால் புரண்டால் கவிழ்க்கும், தூங்குவதற்கு அது வேண்டாம்.

உட்கார்ந்தால் நாற்காலி உயரம், அதாவது 45 சென்டிமீட்டர் போல இருக்கட்டும். கீழே ஒரு பாய் விரித்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல், மேஜை முனை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் முதுகுப் பக்கம்தான் முதலில் சில்லிடும். உள்ளே போட்ட போர்வை உடம்பின் எடையில் நசுங்கிவிடுவதால் பெரிதாகக் காக்காது. அதே போர்வையை ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கமாகத் தொங்கவிட்டால் கதகதப்பு நிற்கும்.

ஆட்டத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவை ஜெனீவா பல்கலைக்கழகத்தில் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். 4 விநாடிக்கு ஒருமுறை மெதுவாக ஆடும் படுக்கையில் மதியம் படுத்தவர்கள், அசையாத படுக்கையில் படுத்ததைவிடச் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். நான் எதிரே இருக்கும் கனமான அலமாரிக் காலில் ஒரு நூல்கயிறு கட்டி, நுனியைக் கையில் வைத்திருக்கிறேன். லேசாக இழுத்துவிட்டால் போதும், கொஞ்ச நேரம் ஆடும்.

ஹேமக்கை மாட்டும் வளையமும் அதைத் தாங்கும் பட்டையும் (அல்லது கயிறும்) உரசும் இடத்தை மட்டும் அடிக்கடி விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிசிர் தட்டினால் அன்றைக்கே பட்டையை மாற்றிவிடுங்கள்.