கறுப்புப் பட்டையை நம்பி மணலின் ஊரைத் தேடாதீர்கள்

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தத் தடம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு நார் எங்கிருந்து வந்தது என்று கப்பல்காரர்களைக் கேட்டாலே போதும். சரி, அந்தக் கடற்கரைக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது?

கரையில் கிடக்கும் கருமணல் பட்டையைக் காட்டி 'மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்தது' என்று பலரும் சொல்வார்கள். மலையிலிருந்து வந்தது சரிதான், ஆனால் பட்டையாகப் பிரித்துப் போட்டது அலை. சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கறுப்பான இல்மனைட்டுக்குக் கிட்டத்தட்ட 4.7, மோனசைட்டுக்கு 5-ஐ ஒட்டி. அலை திரும்பும்போது லேசானது போய்விடும், கனமானது தங்கிவிடும். ஒரே கரையில் பத்தடி தள்ளி அள்ளினாலே அளவு மாறும் என்பதால், எவ்வளவு கனிமம் இருக்கிறது என்ற கணக்கை வைத்து ஊரைச் சொல்ல முடியாது.

எந்தெந்தக் கனிமம் என்றுதான் பார்க்க வேண்டும். மணலைக் கழுவிச் சலித்து, 2.89 அடர்த்தியுள்ள புரோமோஃபார்ம் என்ற திரவத்தில் போட்டால் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், மற்றவை அடியில் இறங்கும். (அது நச்சு, அதனால் இப்போது பலர் சோடியம் பாலிடங்ஸ்டேட்டுக்கு மாறிவிட்டார்கள்.) அப்புறம் நுண்ணோக்கியில் உட்கார்ந்து மணி மணியாக எண்ண வேண்டும், கண் போய்விடும். சிலிமனைட்டும் கார்னெட்டும் சேர்ந்து வந்தால் கோண்டலைட் என்ற பாறை நினைவுக்கு வரும், ஹைப்பர்ஸ்தீன் வந்தால் சார்னோகைட் என்ற பாறை. குமரி மாவட்டத்து மலைகளில் இரண்டுமே உண்டு. கோதாவரி முகத்துவாரத்து மணலிலோ தக்காண எரிமலைப் பாறையின் ஆகைட்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிலிமனைட்டும் ஒரே பிடியில் கலந்து கிடக்கும்.

அலையின் குறுக்கீட்டைத் தவிர்க்க, ஏறக்குறைய ஒரே அடர்த்தியுள்ள இரண்டு கனிமங்களின் விகிதத்தைப் பார்ப்பார்கள். அபடைட், டூர்மலின் ஜோடி நல்ல உதாரணம், அலை இரண்டையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நகர்த்தும். இதிலும் ஒரு வம்பு உண்டு: அபடைட் அமில மண்ணில் கரையும், டூர்மலின் கரையாது. ஆகவே அபடைட் குறைந்திருந்தால் மூலப்பாறையிலேயே அது குறைவு என்று உடனே முடிவுகட்டக் கூடாது, வழியில் எங்காவது வெள்ளச் சமவெளியில் மணல் நெடுங்காலம் கிடந்திருக்கலாம்.

சிர்கான் என்ற கனிமம் அபடைட்டுக்கு நேரெதிர், எதற்கும் அசையாது. அதன் யுரேனியம், ஈய விகிதத்தைக் கொண்டு வயது கணிக்கலாம், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே 55 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயது நிறையக் கிடைக்கிறது. ஆனால் அது படிகம் உருவான காலம். அதற்குப் பிறகு அந்த மணி ஒரு பழைய மணற்கல்லுக்குள் அடைபட்டு, மறுபடி அரிக்கப்பட்டு வந்திருந்தாலும் வயது மாறாது. எனவே சிர்கான் வயதை மட்டும் வைத்து ஆற்றின் பெயரைச் சொல்லும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.