வடாலா வருவதற்குள் கைமாறிய போன்

மும்பையில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் பிளாகர்களோடு பேசி ஒப்பந்தம் முடிப்பது என் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறுதானிய தோசை மிக்ஸுக்காக, மாட்டுங்காவில் சமையல் குறிப்பு எழுதும் ஒரு மாமியைப் பிடித்தோம். பதிவு அழகாக வந்தது. லைக்குகள் குவிந்தன. பாக்கெட் மட்டும் நகரவில்லை.

ஆபீஸில் லைக், ஷேர் கணக்குகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் பிடிபட்டது ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில். செம்பூரில் ஏறி தினமும் ஒரே லேடீஸ் டப்பாவில் (பெட்டியில்) போகும் ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள் நாங்கள். கீரை ஆய்வது, சீட்டுப் பணம் கொடுப்பது எல்லாம் அங்கேதான். ஒருநாள் எதிர் சீட்டு அக்கா அதே பதிவைப் பார்த்து லைக் போட்டார். வாங்கப் போன விரல் அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவரிடம் போனை நீட்டி, "இது நல்லா இருக்குமா?" என்றார். வடாலா வருவதற்குள் போன் நாலு கை மாறிவிட்டது.

"விளம்பரம்னு போட்டிருக்கே, மாமிக்குக் காசு குடுத்திருப்பாங்க" என்றார் ஒருவர். 2021 ஜூனிலிருந்து இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதிப்படி போட வேண்டிய குறிப்பு அது. தனியாகப் பார்க்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும்; நாலு பேர் நடுவில் யாராவது ஒருவர் வாய்விட்டுப் படித்துவிடுவார்கள். இருந்தும் இரண்டு பேர், "மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். அக்காவின் முகம் தெளிந்தது. அப்புறம் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்: "நாங்க வாங்கினோம். கல்லுல ஒட்டுது."

போன் பைக்குள் போய்விட்டது.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் செய்த கோடுகளின் சோதனை நினைவுக்கு வந்தது. கூட இருந்த எல்லோரையும் முன்கூட்டியே பேசிவைத்துத் தவறான பதிலைச் சொல்லவைத்தால், சோதனைக்கு வந்தவர்களில் பலர் கண்ணெதிரே தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட மாற்றிச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. எங்கள் டப்பாவில் அந்த ஒருவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

என்னை உறுத்தியது வேறு. அத்தனை பேச்சிலும் நான் வாய் திறக்கவே இல்லை. அந்தப் பதிவுக்குக் காசு கொடுத்தது என் ஆபீஸ் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருப்பார்களா?

மறுநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "சரி, ஒட்டாம சுட என்ன வழின்னு அந்த மாமிகிட்டயே கேட்டுச் சொல்லு."