மூன்றாவது முறையில் முள் அசையாமல் நின்றது

இன்று முக்கால் மணி நேரம் காரை ஓட்டிவிட்டு வந்தேன். வெப்பம் காட்டும் முள் நடுக்கோட்டில் நின்றது நின்றபடியே இருந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த களகளச் சத்தமும் இல்லை. இரண்டு வாரமாக என்னை அலைக்கழித்த வேலை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றும் வேலை, ஒருவழியாகப் படிந்துவிட்டது.

பழையதை வடித்ததையும், துருநிறம் போகும்வரை அலசியதையும் பற்றி எழுதப்போவதில்லை. இதைச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அளவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். என் காரில் மொத்தம் 5.5 லிட்டர் பிடிக்கும். ரேடியேட்டரின் அடித்திருகைக் கழற்றியபோது வந்தது 3.2 லிட்டர்தான். மீதி இன்ஜினுக்குள் தங்கிவிடுகிறது. அலசிய பிறகு தங்குவது வெறும் தண்ணீர். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் உள்ளே 30 சதவீதம்கூடத் தேறாது. அதனால் கலக்காத கூலன்ட்டை வாங்கி 2.75 லிட்டரை முதலில் ஊற்றினேன். மிச்சத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினேன். ஓட்டிக் கலந்த பின், கலவை எந்தக் குளிரில் உறையும் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கோடு மைனஸ் 36 டிகிரியில் நின்றது. இந்த வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தந்த நொடி அதுதான்.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கூலன்ட்டோடு சேர்த்துத் தெர்மோஸ்டாட்டையும், அதாவது சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வையும், மாற்றியிருந்தேன். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினேன். மறுநாள் பத்து நிமிட ஓட்டத்தில் முள் முக்கால் வரை ஏறியது. சட்டென்று பாதிக்கு இறங்கியது. ஹீட்டரில் சூடும் குளிரும் மாறி மாறி வந்தன. இரண்டாவது முறை முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, உயரமான புனலை வைத்து, காற்றுத் திருகையும் திறந்து பொறுமையாகச் செய்தேன். பிறகும் அதே கதை.

ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு, போயிருக்குமோ என்று பயந்தேன். கூலன்ட் கலந்தால் எண்ணெயில் தெரியும் பால்நிறம் இல்லை, கூலன்ட்டும் குறையவில்லை. ஆகவே சந்தேகம் புதுத் தெர்மோஸ்டாட்டின் மேல் போனது. அதைக் கழற்றி, வால்வின் இடுக்கில் ஒரு நூலை மாட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றினேன். அது திறக்கத் தொடங்க வேண்டிய வெப்பமாக அதில் பொறித்திருந்தது 82 டிகிரி. 83-இல் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் பாத்திரத்தின் அடியில் விழுந்தது. 95-இல் நன்றாகவே திறந்திருந்தது. அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

துடைத்து எடுத்து வைக்கும்போது கையில் 'டிக்' என்று ஏதோ ஆடியது. விளிம்பில் ஒரு சிறு துளை, அதற்குள் ஆடுகிற ஓர் ஊசி. பழைய தெர்மோஸ்டாட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதன் விளிம்பில் அரைவட்டமாகக் கறை படிந்திருந்தது. அந்தக் கறையை வைத்துப் பார்த்தால் ஊசி உச்சியில் இருந்திருக்கிறது. நான் அதைக் கீழே வருமாறு மாட்டியிருந்தேன். என் இன்ஜினில் தெர்மோஸ்டாட் செங்குத்தாக நிற்கிறது. நிரப்பும்போது அடைபடும் காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். துளை கீழே போனால் காற்று மேலே சிறைப்படும். வால்வைத் திறக்கும் மெழுகைச் சுற்றிச் சூடான நீருக்குப் பதில் காற்று நின்றால் அது நேரத்துக்குத் திறக்காது. முள் ஏறி இறங்கியதன் காரணம் முழுவதும் இந்த ஒரு துளைதான். ஊசி உச்சியில் வருமாறு திருப்பி மாட்டி, மூன்றாவது முறை நிரப்பினேன். பெட்டிக்குள் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு வாரத்தை விழுங்கிய செய்தியை ஓர் அம்புக்குறியால் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

இதற்கிடையில், தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். இன்ஜின் சூடேறாமலே ஓடும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம்.

ரேடியேட்டர் மூடிக்கும் புதியது வரவழைத்தேன். பழையதில் 1.1 பார் அழுத்தம் என்று இருக்க, வந்தது 0.9. திருப்பி அனுப்பிவிட்டேன். மூடி தாங்கும் அழுத்தம் குறைந்தால் கூலன்ட் கொதிக்கும் வெப்பநிலையும் குறைந்துவிடும். பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒன்றை மாட்டக் கூடாது. சிந்திய கூலன்ட்டையும் உடனே கழுவிவிடுங்கள். நாயும் பூனையும் அதை நக்கிவிடும். அது அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

கீழ் ஹோஸ், கிளாம்ப் அருகே கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. அடுத்தது அதுதான். அந்த ஸ்பிரிங் கிளாம்புக்குக் கை நுழையாது, கம்பி வைத்த நீள இடுக்கி வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது இன்ஜின் ஆறிக்கொண்டிருக்கிறது. சேமிப்புக் கலத்தில் கூலன்ட் இருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். காலையில், குளிர்ந்த பிறகு, அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.